கறுப்புத் தண்ணீர்

நெய்வேலியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என் கைக்குக் கிடைத்தவை அநேகமாக விழா மலர்கள்தான். ஒரு கொடைவள்ளல், ஒரு பிரதமர், ஒரு பெரிய இயந்திரம், பிறகு வெளிச்சம். கதை அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தின் நிழலில் ஐந்தாறு வருடம் அகதியாக இருந்தவன் என்ற முறையில் எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் நான் இதை எழுத வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். நான் மூதூர் கிழக்கைச் சேர்ந்தவன். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டுகள் விழத் தொடங்கியபோது எனக்குப் பதினேழு வயது. மன்னாருக்குப் போய், படகேறி, மண்டபம் முகாமில் பதிந்து, கடைசியில் கடலூர் மாவட்டத்து முகாம் ஒன்றில் ஓர் அறை கிடைத்தது. இரவில் வடமேற்கு வானம் எப்போதும் ஒருவித மஞ்சளாக இருக்கும். அது நெய்வேலி அனல்மின் நிலையம் என்று சொன்னார்கள். எங்கள் முகாமில் கரண்ட் நின்றுபோன இரவுகளிலும் அந்த மஞ்சள் நிற்காது. பின்னர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன். இரண்டாம் வருடத்தில் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் நெய்வேலியை எடுத்தேன். கட்டுரை முடியுமுன் அப்பாவின் நோய் முந்திக்கொண்டது. படிப்பும் அத்தோடு நின்றது. இப்போது பர் துபாயில் ஒரு றெஸ்ரோரண்டின் சமையற்கட்டில், தந்தூர் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இடையில் நிற்கிறேன். கட்டுரை பதினைந்து வருடம் பிந்தி வருகிறது.

பழுப்பு நிலக்கரி அந்தப் பகுதியில் இருக்கிறது என்பது புதிதாகக் கண்டுபிடித்த விடயம் அல்ல. 1880களிலேயே புதுச்சேரிக்குச் சேர்ந்த பாகூர், அரங்கனூர்ப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் நிலத்தைத் துளைத்தபோது கரி தட்டுப்பட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்கத்தாவின் நல்ல கரி கப்பலில் வந்துகொண்டிருந்த காலத்தில் ஈரமான பழுப்புக் கரி யாருக்கு வேண்டும்?

1934இல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலவுடைமையாளர் தன் நிலத்தில் ஆர்ட்டீசியன் கிணறு, அதாவது தண்ணீர் தானாகவே மேலே பொங்கிவரும் ஊற்றுக்கிணறு, தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைக் காயவைத்துப் பார்த்தால் எரிந்தது. அவர் அதை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பின்னாளில் 620 ஏக்கர் நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்தார் என்பதும் அவர் பெயரோடு நிலைத்துவிட்ட செய்தி. கொடுத்தவர் பெயர் எழுதப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த 620 ஏக்கரில் குத்தகைக்கும் கூலிக்கும் உழுதவர்கள் எதைக் கொடுத்தார்கள் என்ற கேள்வி எந்த மலரிலும் இல்லை.

வாசகர்கள் அந்தக் கிணற்றை மனதில் வைத்திருக்க வேண்டும். கரியை வெளியே கொண்டுவந்து காட்டியது தண்ணீர். பிறகு இருபத்தெட்டு வருடம் கரியை வெளியே விடாமல் பிடித்துவைத்திருந்த காரணங்களில் முக்கியமானதும் அதே தண்ணீர்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னையின் பின்னி கொம்பனி அசீஸ்நகர்ப் பக்கம் துளையிட்டுப் பார்த்தது. அதன் பஞ்சாலைகளுக்கு எரிபொருள் தேவை. போரினால் கப்பல்கள் குறைந்து வங்காளத்துக் கரி வருவது கஷ்டமாகியிருந்தது. கரி இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் கொம்பனி மேலே போகவில்லை. தனியார் முதல் இப்படியான இடத்தில் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஐம்பது மீற்றருக்கு மேல் மண்ணை அகற்றினால்தான் முதல் கூடை கரி. அதுவரை செலவு மட்டும்தான், வரவு ஒரு சதமும் இல்லை. பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வந்தது. 1940களின் நடுவிலிருந்து ஐம்பதுகளின் தொடக்கம் வரை அத்துறையின் எச். கே. கோஷ் போன்றவர்கள் வரிசை வரிசையாகத் துளையிட்டு, சுமார் நூறு சதுர மைல் பரப்பில் 200 கோடி தொன் அளவுக்குக் கரி கிடக்கிறது என்று கணக்குக் கொடுத்தார்கள்.

கணக்குக் கொடுப்பது வேறு, எடுப்பது வேறு. சென்னை மாகாண அரசு ஒரு பரீட்சார்த்தக் குழி வெட்டிப் பார்த்தது. அமெரிக்கத் தொழில்நுட்ப உதவியின் கீழ் ஒரு சுரங்க நிபுணர் வந்து பார்த்தார். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் பிரித்தானியாவின் பவல் டஃப்ரின் கொம்பனியிடம் திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. (கொழும்புத் திட்டம் என்ற பெயரை நான் முதலில் கண்டது இந்த அறிக்கை பற்றிய குறிப்பில்தான். எங்கள் நாட்டுத் தலைநகரின் பெயர் நெய்வேலிக் கரியோடு ஒட்டியிருந்தது அன்றைக்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது.) அந்த அறிக்கையின் வழியில் உருவான திட்டம் கரியை மட்டும் தனியாகப் பார்க்கவில்லை. வருடத்துக்கு 35 லட்சம் தொன் கரி. அதில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு, ஒரு பங்கு யூரியா உரத்துக்கு, ஒரு பங்கு அடுப்புக்கரிக் கட்டிகளுக்கு. ஏன் இப்படி என்றால், பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். றெயிலில் ஏற்றித் தூர ஊருக்கு அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீருக்குத்தான் போகும். வெளியே குவித்துவைத்தால் காய்ந்து பொடியாகித் தானாகத் தீப்பிடிக்கும். ஆகவே எடுக்கும் இடத்திலேயே எரிக்க வேண்டும், அல்லது வேறு பொருளாக மாற்ற வேண்டும். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம் கட்டப்பட்டதன் காரணம் அதுதான்.

இதை யார் செய்வது என்ற கேள்விக்கு 1956 ஏப்ரல் 30ஆம் திகதி வெளியான இந்தியக் கைத்தொழில் கொள்கைத் தீர்மானம் பதில் சொல்லிவிட்டது. நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் அரசுக்கு ஒதுக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் வந்தன. அதே வருடம் நவம்பர் 14ஆம் திகதி நெய்வேலி லிக்னைற் கோர்ப்பரேஷன் பதிவாயிற்று. முதல் தலைவர் டி. எம். எஸ். மணி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. 1957 மே 20ஆம் திகதி நேரு வந்து அகழ்வைத் தொடக்கிவைத்தார். அப்போது முதலமைச்சர் காமராஜர். நெய்வேலிப் பக்கம் எந்தத் தேநீர்க்கடையில் இந்தக் கதையை எடுத்தாலும் காமராஜர் டில்லியோடு சண்டை பிடித்துத்தான் கரி வந்தது என்று முடிப்பார்கள்.

துபாயில் இருந்துகொண்டு யோசிக்கையில் ஓர் ஒப்பீடு வருகிறது. இங்கே 1937இல் ஷேக் சயீத் பின் மக்தூம் பெற்றோலியம் கொன்செஷன்ஸ் என்ற பிரித்தானியச் சார்புக் கொம்பனிக்கு எண்ணெய் தேடும் உரிமை எழுதிக்கொடுத்தார். அந்தக் கொம்பனிக்கு இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு கொம்பனிகள் வந்து, 1966இல் கடலுக்குள் ஃபத்தே வயலில் எண்ணெய் கண்டு, 1969இல் முதல் கப்பல் போனது. உரிமைப் பத்திரத்திலிருந்து முதல் கப்பல் வரை முப்பத்திரண்டு வருடம். நெய்வேலியில் கறுப்புத் தண்ணீரிலிருந்து ஒழுங்கான உற்பத்தி வரை இருபத்தெட்டு வருடம். கால அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இங்கே ஆட்சியாளர் கொம்பனிக்கு எழுதிக் கொடுத்தார், கொம்பனி பணம் கட்டியது. அங்கே அரசு தனக்குத் தானே எழுதிக்கொண்டது. எழுதிக்கொண்ட நிலத்தின் மேலே ஊர்கள் இருந்தன. கையில் 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட நில ஆர்ஜிதச் சட்டம் இருந்தது. சுதந்திரம் வந்து பத்து வருடமாகியும் மாறாத சட்டம்.

இனித் தண்ணீர். பவல் டஃப்ரின்காரர்களுக்கும் அவர்களுக்கு முன் வந்தவர்களுக்கும் தூக்கத்தைக் கெடுத்த விடயம் இது. மேலே ஐம்பது மீற்றருக்கு மேல் மண்ணும் கடலூர் மணற்கல்லும். அதன் கீழே சராசரி பதினைந்து மீற்றர் அளவில் கரிப்படுகை. கரிக்குக் கீழே மணற்படுகையில் அடைபட்ட தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஆறு முதல் எட்டுக் கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. முதலியாரின் கிணற்றில் தண்ணீர் தானாகப் பொங்கியதற்குக் காரணம் இந்த அழுத்தம்தான். மேல்மண் இருக்கும்வரை அதன் பாரம் எல்லாவற்றையும் அமுக்கி வைத்திருக்கும். மண்ணை அகற்றிவிட்டால் மிஞ்சுவது பதினைந்து மீற்றர் கரி. அதன் பாரம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு கிலோகூட வராது. கீழேயிருந்து எட்டுக் கிலோ தள்ளினால் என்ன நடக்கும்? கரியைக் காணும் அன்றைக்கே குழியின் அடி வெடித்துத் தண்ணீர் மேலே வரும். இயந்திரமும் ஆட்களும் போய்விடும்.

தீர்வு சொல்வதற்குச் சுலபம். குழியைச் சுற்றி ஆழ்கிணறுகள் இறக்கி, கரியைத் திறக்குமுன்பே அடித்தண்ணீரை இறைக்கத் தொடங்கி, அழுத்தம் இறங்கியபின் திறக்க வேண்டும். திறந்தபின் நிறுத்தவும் கூடாது. இரவும் பகலும், விழாவும் வேலைநிறுத்தமும் பாராமல், சுரங்கம் இருக்கும்வரை இறைக்க வேண்டும். ஒரு தொன் கரிக்குப் பல தொன் தண்ணீர் வெளியேறியது. என்னைக் கேட்டால் நெய்வேலியை முதலில் தண்ணீர்ச் சுரங்கம் என்றும் பிறகுதான் நிலக்கரிச் சுரங்கம் என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தொல்லை மண். ஜேர்மனியிலிருந்து வந்த இராட்சத இயந்திரங்கள், ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய வகை, ஜேர்மனியின் மிருதுவான மண்ணில் பழகியவை. கடலூர் மணற்கல் அரம்போல இருந்தது. வாளிகளின் பற்கள் தேய்ந்துகொண்டே போயின. வெடிவைத்து மண்ணைத் தளர்த்திவிட்டுத்தான் பல இடங்களில் சக்கரத்தை விட முடிந்தது. இதற்கு மேல் மழைக்காலம். ஐப்பசி கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் மழை பெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திறந்த குழிக்கு அது என்ன செய்யும் என்று.

மின்நிலையம் சோவியத் யூனியனின் பங்கு. 1957 நவம்பரில் இந்தியாவுக்கு அது தர ஒப்புக்கொண்ட கடனில் நெய்வேலியும் இருந்தது. ஆக, பிரித்தானிய அறிக்கை, அமெரிக்க ஆலோசனை, ஜேர்மன் இயந்திரம், சோவியத் கொதிகலன். பனிப்போரில் எதிரெதிரே நின்ற எல்லாரும் தென்னாற்காட்டின் ஒரே குழிக்குள் சத்தமில்லாமல் வேலை செய்திருக்கிறார்கள்.

1961 ஓகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. நேரு தொடக்கிவைத்து நாலே கால் வருடம் கழித்து. 1962 மே மாதத்தில் ஒழுங்கான அகழ்வு தொடங்கியது. அதே மாதம் 50 மெகாவாற் வலுவுள்ள முதல் மின்பிறப்பாக்கி ஓடத் தொடங்கியது. மேலே மேலே சேர்த்து 1970 அளவில் அந்த நிலையம் 600 மெகாவாற் ஆயிற்று. அறுபதுகளின் நடுவில் யூரியாவும், ‘லெக்கோ’ என்ற பெயரில் அடுப்புக்கரிக் கட்டியும் வந்தன. தமிழ்நாட்டில் வயதான தேநீர்க்கடைக்காரர்களிடம் லெக்கோ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். புகையில்லாத கரி. உரத் தொழிற்சாலையும் லெக்கோவும் 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. மின்சாரம் மட்டும் மிஞ்சியது.

இதுவரை எழுதியது ஆய்வுக் கட்டுரைக்காகச் சேர்த்தது. மிச்சம் இங்கே வந்து சேர்ந்தது.

என்னோடு தந்தூர் அடுப்பில் நிற்கும் அண்ணன் விருத்தாசலம் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மத்தியானக் கூட்டம் ஓய்ந்தபின் நாங்கள் இருவரும் பின்படியில் உட்காருவோம். ஒருநாள் அடுப்புக்கரி மூட்டையைப் பிரித்துக்கொண்டே நான் நெய்வேலியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

“என்னத்த எழுதப் போற தம்பி? எங்க தாத்தா நெலம்பா அது. முந்திரியும் கம்புமா இருந்த எடம். இப்ப அங்க எரநூறு அடிப் பள்ளம். பட்டா மட்டும் இன்னும் எங்க வீட்டு டிரங்குப் பொட்டியில கெடக்கு.”

“காசு குடுக்கயில்லையா அண்ணை?”

“குடுத்தான். அத வாங்கி ஒரு ஜோடி மாடு வாங்குனாராம் தாத்தா. மாட்ட வாங்குன பொறவுதான் நெனப்பு வந்துச்சாம், உழ நெலம் இல்லியேன்னு.”

இதை அவர் பகிடியாகத்தான் சொன்னார். அந்தக் குடும்பத்தில் பலதடவை சொல்லிச் சிரித்துப் பழகிய பகிடி என்று தெரிந்தது. அவருடைய அப்பா பிறகு அதே சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்தாராம், நிரந்தரம் ஆகாமலே. தங்கள் வயலின் மேல்மண் பெல்ற்றில் ஏறிப்போவதை அவர் பார்த்திருப்பாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். சின்ன வயதில் ஊரில் குழாயை நட்டால் தண்ணீர் தானாக ஓடியதென்றும், பிறகு மோட்டார் இல்லாமல் வராதென்றும், மோட்டாரையும் வருடா வருடம் கீழே இறக்க வேண்டியிருந்ததென்றும் சொன்னார். கொம்பனி 2016இல் பெயரை மாற்றிக்கொண்டது. இறைப்பது மாறவில்லை.

அவர் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ வைத்திருக்கிறார். 2023 யூலையில் வளையமாதேவியில் எடுத்தது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டவென்று, பொலிஸ் காவலோடு இயந்திரங்கள் பச்சைப் பயிருக்குள் இறங்கின. நிலம் முன்னமே எடுத்து விலை கொடுத்தாயிற்று என்பது கொம்பனியின் பதில். அது உண்மையாகவும் இருக்கலாம். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். கதிர்வரப் போகும் நெல்லை அறுக்கும்வரை இரண்டு மாதம் பொறுத்திருக்க முடியாத அவசரம் என்ன என்பதுதான் எனக்கு விளங்காதது. 1934இலிருந்து 1962 வரை பொறுத்திருந்த கரி அது.

அதே வருடம் ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று காவிரிப் படுகையின் மூன்று கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் வந்து, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் நீக்கப்பட்டன. தஞ்சாவூர்க்காரனுக்குச் சத்தம் போட ஆட்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு 1957இல் யார் இருந்தார்கள் என்பது அண்ணனின் கேள்வி. அன்றைக்கு நாடு கட்டுவதற்கு என்று கேட்டார்கள், கொடுக்காதவன் துரோகி போல இருந்திருக்கும். நெய்வேலி மின்சாரம் இல்லாவிட்டால் தமிழ்நாட்டின் தொழிற்சாலைகள் எப்படி வந்திருக்கும் என்பதும் தட்டிக்கழிக்கக் கூடிய கேள்வி இல்லை. நான் படித்த இரவுகளில் எரிந்த பல்பும் அந்தக் கரிதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு தட்டில் மட்டும் எடை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஓடிவந்த அதே 2006இன் டிசெம்பரில், சம்பூர்ப் பகுதி வெறிச்சோடிக் கிடந்தபோது, இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் திருகோணமலையில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்க உடன்பட்டுக் கையெழுத்திட்டன. அடுத்த வருடம் எங்கள் ஊர்கள் அதியுயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தன. மின்நிலையத்துக்கு என்று குறிக்கப்பட்டது சம்பூர்க் காணி. நான் முகாமிலிருந்து நெய்வேலியின் மஞ்சள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில், என் ஊரிலும் அப்படி ஒரு வானத்தைக் கடதாசியில் வரைந்துகொண்டிருந்தார்கள். இது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. 2013இல் ஒப்பந்தங்கள் முழுமையாகின. 2016 செப்டெம்பரில் நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. பத்து வருடம். ஒரு யூனிற் மின்சாரம் இல்லை. ஒரு தொன் கரியும் இறங்கவில்லை. நெய்வேலியில் ஊரை எடுத்ததற்குக் காட்ட மின்சாரமாவது இருக்கிறது.

காணிகள் 2015, 2016இல் பகுதி பகுதியாக விடப்பட்டன. நானும் திரும்பிப் போனேன். வீட்டின் அத்திவாரம் இருந்தது. கிணற்றைத் தூர்த்திருந்தார்கள். இரண்டு வருடம் நின்று பார்த்தேன். பிறகு கடவுச்சீட்டு எடுத்து இங்கே வந்தேன். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்நிலையம் ஒன்றுக்கு இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடியே தொடக்கவிழா நடத்தினார்கள். வெயில் என்றால் அடியில் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் நிலம் வேண்டும்.

இந்தத் துபாயும் கரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டது. ஹசியானில் 2400 மெகாவாற் நிலக்கரி நிலையம் கட்டி, 2020இல் முதல் அலகை ஓட்டி, 2022இல் எல்லாவற்றையும் எரிவாயுவுக்கு மாற்றிவிட்டார்கள். காசுள்ள இடத்தில் மனம் மாறுவதும் சுகம்.

கட்டுரையை எழுதி முடித்து அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை. தண்ணீர் அழுத்தம் பற்றிய பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தாத்தா எப்போதும், “கரிக்குக் கீழ கடல் இருக்குடா” என்று சொல்வாராம். கிழவர் உளறுகிறார் என்று வீட்டில் சிரிப்பார்களாம். எட்டுக் கிலோ என்பது சரியான கணக்கா என்று கேட்டார். ஆறு முதல் எட்டு என்றேன். ஊருக்குப் பேசும்போது தங்கச்சியிடம் சொல்லி அந்தப் பட்டாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், சர்வே நம்பர் தெரிந்தால் குழியில் எந்த இடம் என்று நீ பார்த்துச் சொல்வாயா என்றார். பார்க்கலாம் என்றேன். படம் இன்னும் வரவில்லை. டிரங்குப் பெட்டியின் சாவியைத் தேடுகிறார்களாம்.